ஜான் போஸ்டலும் அடிக்கடி சாகும் ஹெல்பரும்

ஜான் போஸ்டல் என்ற பேர் நம்ம சிலபஸ்ல இருக்காது. ஆனா நெட்வொர்க்ஸ் பேப்பர்ல நீங்க பக்கம் பக்கமா எழுதின ஐபி, ஐசிஎம்பி, டிசிபி மூணுக்கும் 1981-ல வந்த ஆவணங்களை எடிட் பண்ணினவர் அவர்தான். மெயில் அனுப்பற எஸ்எம்டிபியை 1982-ல எழுதினதும் அவரே. நீண்ட தாடி, காலில் செருப்பு. போட்டோவைப் பார்த்தா ஏதோ மலையில இருந்து இறங்கி வந்த சாமியார்னு நினைப்பீங்க.

1943-ல கலிஃபோர்னியாவில் பிறந்தார். வான் நைஸ் ஹைஸ்கூலில் படித்தார். விண்ட் செர்ஃப், ஸ்டீவ் க்ராக்கர் படித்ததும் அதே ஸ்கூல்தான். (அந்த ஊர் தண்ணியில என்னதான் இருந்ததோ!) அப்புறம் லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். 1969 அக்டோபர் 29 ராத்திரி அங்கிருந்துதான் அர்பாநெட்டின் முதல் மெசேஜ் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனது. 'லாகின்' என்ற சொல்லில் முதல் ரெண்டு எழுத்து போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கத்து மெஷின் படுத்துவிட்டது. போஸ்டல் அப்போ அந்த லேப்பில் மாணவர். நெட்வொர்க் பிறந்ததே ஒரு க்ராஷோடதான்.

அந்த வருஷமே ஆர்எஃப்சி ஆவணங்களைத் தொகுக்கிற வேலை அவரிடம் வந்தது. எந்த சர்வீஸுக்கு எந்த போர்ட் நம்பர் என்ற பட்டியலையும் அவரே பார்த்துக்கொண்டார். 1980-ல டிசிபி ஆவணத்தில் ஒரு விதி எழுதினார்: அனுப்பும்போது கறாரா இரு, வாங்கும்போது தாராளமா இரு. இதுதான் கருத்து.

இதை ஸ்க்விட் ப்ராக்ஸியில் வைத்துப் பாருங்க. யூசர்நேம், பாஸ்வேர்டைச் சரிபார்க்க ஸ்க்விட் தனியா ஒரு ஹெல்பர் ப்ராசஸை ஓட்டும். ஒரு வரி கேள்வி, ஒரு வரி பதில், அவ்வளவுதான் பேச்சு. ஹெல்பர் செத்தா இன்னொன்றை எழுப்பும். ரொம்ப வேகமா சாக ஆரம்பித்தால் 'என்னால முடியாது'னு லாகில் எழுதிவிட்டு ஸ்க்விட்டே நின்றுவிடும். மொத்த ஹாஸ்டலுக்கும் நெட் போச்சு.

அப்போ ரீஸ்டார்ட் பண்ணிக்கிட்டே இருக்காதீங்க. கேஷ் லாகைத் திறந்து பாருங்க. ஸ்க்விட் எந்த யூசர்ல ஓடுதோ அதே யூசர்ல ஹெல்பரைக் கையால் ஓட்டி, ஒரு வரி டைப் பண்ணுங்க. ரூட்ல ஓட்டிப் பார்த்துட்டு 'எனக்கு வேலை செய்யுதே'னு சொல்றதில் பிரயோஜனமே இல்லை. அடுத்து கான்ஃபிகரேஷனில் கன்கரன்சி போட்டிருக்கான்னு பாருங்க. போட்டிருந்தா ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சேனல் நம்பர் வரும். ரெண்டே சொல் வரும்னு நம்பி எழுதின ஸ்க்ரிப்ட், மூணாவதைப் பார்த்ததும் செத்துப்போகும்.

இந்த இடத்தில்தான் போஸ்டலைத் தப்பா புரிஞ்சுக்கிறாங்க. எக்செப்ஷனை எல்லாம் பிடித்து முழுங்கிவிட்டு, வந்த எல்லாருக்கும் 'சரி'னு பதில் சொல்றதா தாராளம்? அது கதவைத் திறந்து போடுறது. புரியாத வரி வந்தால் மறுத்துவிடு, லாகில் எழுது, அடுத்த வரிக்குக் காத்திரு. பதில் மட்டும் சொன்ன ஃபார்மேட்டில் பிசகாமல் போகணும். விதியின் முதல் பாதியை யாருமே ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

அவரே எல்லா நேரமும் சாதுவா இருந்ததில்லை. பழைய என்சிபியில் இருந்து 1983 ஜனவரி 1-க்குள் எல்லாரும் டிசிபிக்கு மாறணும்னு திட்டம் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். பலர் அசையவே இல்லை. 1982 நடுவில் ஒரு நாள் முழுக்க என்சிபியை அணைத்தார்கள். யார் மாறலைன்னு அன்னைக்குத் தெரிந்தது.

1998 ஜனவரியில் இதைவிடப் பெரிய காரியம் பண்ணினார். ரூட் சர்வர்களை நடத்தினவர்களில் எட்டு பேருக்கு மெயில் போட்டு, தன் பக்கத்து சர்வரைப் பின்பற்றச் சொன்னார். செய்தார்கள்! அமெரிக்க அரசு கோபத்தோடு கேட்டதும், சும்மா டெஸ்ட்தான்னு சொல்லி ஒரு வாரத்துக்குள் பழையபடி மாற்றிவிட்டார். டெஸ்ட்தானா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அந்த அக்டோபர் 16-ல், இதய ஆபரேஷனுக்குப் பிறகு இறந்தார். வயது 55. இரங்கல் குறிப்பைச் செர்ஃப் ஒரு ஆர்எஃப்சியாகவே எழுதினார். எண் 2468, தேடினா இப்பவும் கிடைக்கும்.