உலகைப் படத்தில் காட்டிய ஆசான்

ஐரோப்பாவின் நடுவே, இன்று செக் குடியரசின் ஒரு பகுதியாக விளங்கும் மொராவியாவில் 1592ஆம் ஆண்டு பிறந்தவர் ஜான் ஆமோஸ் கொமேனியஸ். பன்னிரண்டு வயதளவில் தாய் தந்தையர் இருவரையும் இழந்த அவர் இலத்தீன் பள்ளியிற் சேர்ந்தபோது வயது பதினாறு ஆகிவிட்டது. சமயம், சட்டம், மருத்துவம் ஆகிய யாவும் அந்நாளில் இலத்தீன் மொழியிலேயே இருந்தமையால், அதனைக் கல்லாதார்க்கு உயர்கல்வியின் கதவு மூடியே கிடந்தது. ஆனால், அதனைக் கற்பித்த முறையோ கொடியது. இலத்தீன் இலக்கணத்தை இலத்தீனிலேயே எழுதிவைத்து, பொருள் விளங்குமுன் மனப்பாடம் செய்யுமாறு சிறுவரைப் பணித்தனர். ஒப்பிக்கத் தவறியோர் பிரம்படி பட்டனர். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டினாற் போன்றது இது. உடன் பயின்ற சிறுவரினும் மூத்தவராதலின், கொமேனியஸ் இக்குறையை நன்கு உணர்ந்தார்.

ஜெர்மனியில் உயர்கல்வி பெற்றுத் திரும்பிய அவர், சகோதரர் ஒன்றியம் என்னும் சிறு கிறித்தவச் சபையின் குருவாகவும் பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றினார். 1618இல் முப்பதாண்டுப் போர் மூண்டது. இரண்டே ஆண்டுகளில் அவர் சார்ந்த பக்கம் தோல்வியுற, ஊரை விட்டு ஓடி மறைந்து வாழ நேர்ந்தது. 1622இல் மனைவியும் குழந்தைகள் இருவரும் கொள்ளைநோய்க்கு இரையாயினர். 1628இல் எல்லை கடந்து போலந்து நாட்டின் லெஷ்னோ நகரை அடைந்தார். மீண்டும் தாயகத்தில் வாழும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

லெஷ்னோவின் உயர்நிலைப் பள்ளியில் இலத்தீன் கற்பிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. சொல்லையும் பொருளையும் பிரித்தல் ஆகாது என்பது அவர் கண்ட உண்மை. நெருப்பை அறிந்த பிள்ளைக்கு நெருப்பின் வேற்றுமொழிப் பெயரைக் கற்பித்தல் எளிது. அறியாத பொருளுக்கு அறியாத பெயரைக் கற்பித்தல் வீண் உழைப்பு. ஆகவே, பன்னிரண்டு வயது வரை தாய்மொழிப் பள்ளியும், அதன் பின்னரே இலத்தீன் பள்ளியும் அமைதல் வேண்டும் என்று அவர் வகுத்தார். இக்கொள்கை வழியே எழுந்தது 1631இல் வெளிவந்த 'மொழிகளின் திறந்த வாயில்' என்னும் நூல். ஏறத்தாழ எட்டாயிரம் சொற்களை ஆயிரம் வாக்கியங்களில் அடக்கி, வானம், விலங்கு, உடல், தொழில் எனப் பொருள் வாரியாக நூறு தலைப்புகளில் அது தொகுத்திருந்தது. தொடக்க மாணாக்கர்க்கு அந்நூலும் கடினமாகவே இருந்தது. அதனையுணர்ந்து, ஏறக்குறைய ஆயிரம் சொற்களே கொண்ட 'முன்வாயில்' என்னும் எளிய நூலை 1633இல் இயற்றினார். தம் நூலின் குறையைத் தாமே கண்டு திருத்தும் ஆசிரியர் எக்காலத்தும் அரியர்.

அவர் புகழ் பரவியது. இங்கிலாந்து அழைத்தது, சுவீடன் பாடநூல்கள் எழுதப் பணித்தது. 1650இல் ஹங்கேரியின் சாரோஷ்படக் நகருக்குச் சென்று, அங்குப் பள்ளியைச் சீர்திருத்தும் பணியில் நான்காண்டுகள் ஈடுபட்டார். பாடங்களை நாடகங்களாக்கி மாணாக்கரை நடிக்கச் செய்தார். 'படங்களிற் காணும் உலகம்' என்னும் நூலை எழுதியதும் அங்கேதான். நூலின் தொடக்கத்தில் காகம் கரைகிறது, ஆட்டுக்குட்டி கத்துகிறது. அவ்வொலிகளின் வழியே எழுத்துகள் அறிமுகமாகின்றன. தொடர்ந்து நூற்றைம்பது பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மரச்செதுக்குப் படம்; படத்திலுள்ள பொருள்கள் எண்ணிடப்பெற்றிருக்கும். அவ்வெண்களே கீழேயுள்ள வாக்கியங்களிலும் இடம்பெறும். ஒருபுறம் இலத்தீனும் மறுபுறம் மாணாக்கரின் தாய்மொழியும் நிற்கும். படம் நிறைந்த பாடநூலோடு வளர்ந்தோர்க்கு இதன் புதுமை எளிதில் புலப்படாது.

மீண்டும் லெஷ்னோ வந்த அவரைப் போர் விடவில்லை. 1656இல் நகரம் தீக்கிரையானது. வீடும் நூல்களும் எரிந்தன. வேற்றுமொழியைக் கற்பித்தே புகழடைந்த அவர், நாற்பதாண்டுகளுக்கு மேலாகத் தம் தாய்மொழியாகிய செக் மொழிக்குப் பேரகராதி ஒன்று தொகுத்து வந்தார். அதன் கையெழுத்துப்படியும் சாம்பலாயிற்று. இவ்விழப்பே அவரை இறுதிவரை வருத்தியது.

முதுமையில் ஆம்ஸ்டர்டாம் நகரம் அவருக்குப் புகலிடம் அளித்தது. 1658இல் அவருடைய பட நூல் நியூரம்பர்க் நகரில் இலத்தீன், ஜெர்மன் ஆகிய இரு மொழிகளில் அச்சாயிற்று. மறு ஆண்டே ஆங்கிலப் பதிப்பும் வந்தது. 1670இல் அவர் மறைந்தார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், 1685இல், இன்று சுலோவாக்கியாவிலுள்ள லெவோச்சா நகரில் அந்நூல் நான்கு மொழிகளில் அச்சிடப்பெற்றது. அவற்றுள் ஒன்று செக் மொழி.