சுப்பாராவ்

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு பீமவரத்தில் பிறந்தவர். அவருடைய உடன்பிறந்தார் இருவர் ஸ்புரூ என்னும் குடல்நோய்க்கு அடுத்தடுத்து இரையாயினர். அத்துயரம் அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிறிதுகாலம் கற்பித்த பின்னர் அவர் அமெரிக்கா சென்றார்.

கீரையிலும் ஈரலிலும் இயற்கையாக அமைந்த ஃபோலிக் அமிலத்தை அவர்தம் குழுவினர் 1945இல் ஆய்வுக்கூடத்தில் ஆக்கினர். அது ஸ்புரூ நோயாளரைத் தேற்றியது. இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கோ தீங்கு விளைத்தது. புற்றணுக்கள் அதனைக் கொண்டே பெருகின போலும்! அங்ஙனமாயின், அவ்வமிலத்தைப் போலத் தோன்றி, அதன் தொழிலைச் செய்யாத பொருளொன்றை அளித்தால் அவை ஏமாறும் அன்றோ? மூலக்கூற்றைச் சிறிதே மாற்றி, அமினாப்டெரின் என்னும் மருந்தைச் செய்தனர். பாஸ்டன் நகர மருத்துவர் ஃபார்பர் அதனை 16 குழந்தைகளுக்கு அளித்தார். 10 பேருக்கு நோய் சிலகாலம் தணிந்தது. அச்செய்தி வெளிவந்த 1948ஆம் ஆண்டிலேயே சுப்பாராவ் மறைந்தார்.

அதன் இனமாகிய மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கு அளிக்கப்பெறுகிறது. ஃபோலிக் அமிலமோ நம் ஊர்களுக்கே வந்துவிட்டது. சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளர் குடும்பத்துக் கருவுற்ற பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெறும் இரும்புச்சத்து மாத்திரையில் அதுவும் கலந்துள்ளது.