நாளை நாளை என்றிருந்த புனித அகுஸ்தீனார்

வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே ஊரில் 354-ஆம் ஆண்டு பிறந்த புனித அகுஸ்தீனாரைத் திருச்சபையின் பெரும் மறைவல்லுநராக நாம் அறிவோம். அவரும் நம்மைப் போல் நாளைக் கடத்தியவரே. 19-ஆம் வயதில் சிசெரோவின் நூலொன்றைப் படித்து, ஞானத்தைத் தேடும் ஆவல் கொண்டார். ஆயினும் பழைய பழக்கங்களை விட மனம் வரவில்லை. கற்புநெறியைத் தரும்படி வேண்டுவார்; உடனே கிடைத்துவிடுமோ என்றும் அஞ்சுவார். இப்படியே பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. தாயார் மோனிக்கம்மாள் கண்ணீரோடு மன்றாடிக்கொண்டே, கடல் கடந்து இத்தாலியிலுள்ள மிலான் வரை மகனைத் தேடி வந்தார்.

386-ஆம் ஆண்டு அந்நகரத் தோட்டமொன்றில் குழந்தையின் குரல் கேட்டு, புனித பவுலின் நிருபத்தைத் திறந்து வாசித்தார். அப்போதே மனந்திரும்பினார். 387-இல் பாஸ்கா திருவிழிப்பு இரவில் ஆயர் அம்புரோசியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டு, ஊர் திரும்பும் வழியில் ஓஸ்தியா துறைமுகத்தில் தாயார் உயிர் நீத்தார். மகன் இன்னும் ஓராண்டு தள்ளிப்போட்டிருந்தால், அந்தத் தாய் அதைக் காணாமலே கண்மூடியிருப்பார்.

பின்னர் ஹிப்போ நகர ஆயராகி, 430-இல் இறக்கும்வரை உழைத்தார். முதிர்ந்த வயதிலும் தம் நூல்களை மீண்டும் வாசித்து, அவற்றின் குறைகளைத் தாமே எடுத்தெழுதினார்.

பாவசங்கீர்த்தனம், உடன்பிறந்தாரோடு சமாதானம், விடவேண்டிய கெட்ட பழக்கம் என நாம் ஒத்திவைத்திருப்பவை எத்தனை? நமக்காக மன்றாடும் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே, இன்றே ஒன்றையாவது தொடங்குவோமாக.