கண்ணாடிக்கு யானை விலை! பட்டறை போட்டார் பாட்டு வாத்தியார்

இங்கிலாந்தில் பாத் நகரத்து தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர் வில்லியம் ஹெர்சல். 1738-ல் ஜெர்மனியில் ஹானோவரில் பிறந்தவர். 1757-ல் பிழைப்பு தேடி இங்கிலாந்து வந்தார். வாரத்துக்கு 35 டியூஷன் கூட எடுத்தார்.

1773-ல் அவருக்கு நட்சத்திரப் பைத்தியம் பிடித்தது. 2 அடி டெலஸ்கோப் ஒன்றை வாடகைக்கு வாங்கிப் பார்த்தார். ஆசை அடங்கவில்லை.

பெரிய டெலஸ்கோப்புக்கு நடுவில் குழிந்த கண்ணாடி வேண்டும். சலூன் கண்ணாடி உதவாது. கண்ணாடி என்று பெயரே தவிர, அந்தக் காலத்தில் அது செம்பும் வெள்ளீயமும் உருக்கி வார்த்த தட்டு. தேய்ப்பதில் தலைமுடி கனத்தில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் போச்சு!

லண்டனுக்கு எழுதி விலை விசாரித்தார். அவ்வளவு பெரிய சரக்கு இல்லை என்று பதில் வந்தது. ஒருவர் மட்டும் செய்து தருவதாகச் சொன்னார். விலையோ யானை விலை. கட்டுப்படி ஆகவில்லை.

உள்ளூரில் ஒருவர் கண்ணாடி தேய்த்துப் பார்த்துவிட்டு மூட்டை கட்டி வைத்திருந்தார். அவருடைய கருவிகளை ஹெர்சல் விலைக்கு வாங்கினார். வீட்டுக் கூடத்தில் தச்சுவேலை நடந்தது!

ஊட்டிவிட்ட தங்கை

மெருகு போடும்போது கையை எடுக்கக் கூடாது. ஒரு தடவை 16 மணி நேரம் தேய்த்தார். தங்கை கரோலின்தான் பக்கத்தில் நின்று சாப்பாட்டை வாயில் ஊட்டினார்.

அந்த வீட்டுக் கண்ணாடியில்தான் 1781 மார்ச் 13-ந்தேதி இரவு யுரேனஸ் கிரகம் சிக்கியது.

அதே ஆண்டு ஆகஸ்டில் 3 அடி அகலக் கண்ணாடி வார்க்க முயன்றார். குதிரைச் சாணம் கலந்த மண்ணில் அச்சு. 500 ராத்தலுக்கு மேல் உலோகம். முதலில் வார்த்தது விரிசல் விட்டது. 2-வது தடவை உலையே ஒழுகியது! தரைக்கல் வெடித்துக் கூரை வரை பறந்தது. ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் ஓட்டம் பிடித்தார்கள். ஹெர்சல் களைத்துப்போய் செங்கல் குவியலில் விழுந்தார்.

மன்னர்கள் வாடிக்கை

அப்புறம் நிலைமை தலைகீழ். 1782-ல் 3-ம் ஜார்ஜ் மன்னர் ஆண்டுக்கு 200 பவுன் சம்பளம் கொடுத்தார். அது போதாமல் டெலஸ்கோப் செய்து விற்றார். 400 கண்ணாடிக்கு மேல் செய்தார். 1789-ல் 4 அடி அகலக் கண்ணாடி வைத்த டெலஸ்கோப்பையும் முடித்தார். 1822-ல் காலமானார்.

ஸ்பெயின் மன்னர் 3,150 பவுன் கொடுத்து வாங்கிய டெலஸ்கோப்பை 1808-ல் மாட்ரிட் நகரில் நெப்போலியன் படை உடைத்தது. சட்டமெல்லாம் நாசம். ஹெர்சல் கண்ணாடி மட்டும் தப்பியது.