பூவும் ஓர் இலைதான் என்று கண்ட கவிஞர்

ஒற்றைச் செம்பருத்தியையும் அடுக்குச் செம்பருத்தியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒற்றையில் ஐந்து இதழ்களும், நடுவில் நீண்ட குழலில் மகரந்தத் தாள்களும் இருக்கும். அடுக்கில் இதழ்கள் குவிந்து கிடக்கும். மகரந்தத் தாள்கள் குறைந்திருக்கும். மகரந்தத் தாளாக வேண்டியவை இதழ்களாக மாறியிருப்பதே காரணம். இத்தகைய மாற்றங்களைக் கூர்ந்து பார்த்து, பூ உருவாகும் விதத்தை 230 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தவர் ஒரு தாவரவியல் பேராசிரியர் அல்ல. ஜெர்மன் மொழியின் பெருங்கவிஞர் கோதே.

தோட்டம் போட்ட அமைச்சர்

கோதே 1749 ஆகஸ்ட் 28 அன்று பிராங்பர்ட் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். படித்தது சட்டம். 25 வயதில், 1774-ல் வெளியான ஒரு நாவலால் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றார். மறு ஆண்டு வைமார் என்ற சிறு நாட்டின் இளம் கோமகன் அழைக்க, அங்கே போய் அமைச்சரானார். சுரங்கம், சாலை, நிதி எனப் பல பொறுப்புகள் அவர் தலையில் விழுந்தன.

1776-ல் இல்ம் ஆற்றங்கரையில் தோட்டத்துடன் ஒரு வீட்டை கோமகன் அவருக்குக் கொடுத்தார். கோதே அங்கே செடிகளை நட்டு வளர்க்கத் தொடங்கினார். அப்போது தாவரவியல் என்றால் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் வகுத்த முறைதான். மகரந்தத் தாள் எத்தனை, சூலகம் எத்தனை என்று எண்ணி, செடியை ஒரு வகுப்பில் சேர்ப்பார்கள். கோதேவுக்கு அது போதவில்லை. ஒரே செடியில் அடி இலை ஒரு விதமாகவும் நுனி இலை வேறு விதமாகவும் இருப்பது ஏன் என்ற கேள்வி அவரை விடவில்லை.

பனையும் ரோஜாவும்

1786 செப்டம்பரில், நண்பர்களிடம் கூடச் சொல்லாமல் இத்தாலிக்குப் புறப்பட்டார். பாதுவா நகரின் தாவரவியல் பூங்காவில் 1585-ல் நட்ட ஒரு விசிறிப் பனை நின்றது. அதன் கீழ் இலைகள் ஈட்டி போல எளிமையாக இருந்தன. மேலே போகப் போகப் பிளவுபட்டு, கடைசியில் முழு விசிறியாக விரிந்தன. அந்த வரிசை முழுவதையும் தோட்டக்காரரிடம் வெட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். அந்தப் பனை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

ஊர் திரும்பிய பின் 1790-ல் தாவரங்களின் உருமாற்றம் பற்றி 123 பத்திகள் கொண்ட சிறு நூலை வெளியிட்டார். வித்திலை, இலை, புல்லி இதழ், அல்லி இதழ், மகரந்தத் தாள், சூலகம் ஆகிய எல்லாமே ஒரே அடிப்படை உறுப்பின் வெவ்வேறு வடிவங்கள் என்பதே அதன் சாரம். அந்த உறுப்பை அவர் இலை என்றே அழைத்தார். பூவின் நடுவிலிருந்து மறுபடி தண்டும் இலையும் கிளம்பிய ஒரு ரோஜாவைச் சான்றாகக் காட்டினார். தோட்டத்தில் பிறழ்ந்த செடி என்று தள்ளிவிடும் ஒன்றுதான் அவருக்குப் பாடமானது.

உங்களுக்குப் பழக்கமான ஒன்றையும் அதில் எழுதியிருக்கிறார். ஊட்டம் மிகுந்தால் பூப்பது தள்ளிப்போகும். ஊட்டம் குறைந்தால் செடி விரைவில் பூக்கும்.

கண்டுகொள்ளாத அறிஞர்கள்

அவருடைய வழக்கமான பதிப்பாளர் இந்த நூலை அச்சிட மறுத்துவிட்டார். வேறொருவர் வெளியிட்டார். கவிஞருக்கு எதற்குச் செடி ஆராய்ச்சி என்று பலர் நினைத்தார்கள். அறிஞர்களும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1794-ல் கவிஞர் ஷில்லரிடம் படம் வரைந்து விளக்கியபோது, இது கண்ணால் கண்ட உண்மை அல்ல, வெறும் எண்ணம் என்று அவரும் சொல்லிவிட்டார். கோதேவுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் இருவரும் உற்ற நண்பர்களானார்கள்.

கோதே சொன்ன எல்லாமே சரியல்ல. செடியின் சாறு மேலே ஏற ஏறச் சுத்தமாகி, இலையைப் பூவாக்குகிறது என்று அவர் நம்பினார். அது தவறு. ஆனால் எல்லாம் ஒரே உறுப்பின் வடிவங்கள் என்ற கருத்தை அவர் கைவிடவில்லை. 1832 மார்ச் 22 அன்று, 82 வயதில் காலமானார்.

மரபணு சொன்ன சாட்சி

அவர் நூல் வந்து 201 ஆண்டுகள் கழித்து, 1991-ல், இங்கிலாந்தின் என்ரிக்கோ கோயனும் அமெரிக்காவின் எலியட் மேயரோவிட்சும் ஒரு விளக்கம் தந்தார்கள். பூவில் வெளியிலிருந்து உள்ளே நான்கு வட்டங்கள் உள்ளன. மூன்று அணி மரபணுக்கள் அவற்றைத் தீர்மானிக்கின்றன. முதல் அணி மட்டும் வேலை செய்தால் புல்லி இதழ். முதலும் இரண்டும் சேர்ந்தால் அல்லி இதழ். இரண்டும் மூன்றும் சேர்ந்தால் மகரந்தத் தாள். மூன்றாவது மட்டும் என்றால் சூலகம். மூன்றாம் அணி செயலிழந்தால் மகரந்தத் தாள் வர வேண்டிய இடத்தில் இதழ் வரும். பூவுக்குள் பூ கிளம்பும். மூன்று அணிகளுமே செயலிழந்தால் எல்லா வட்டங்களிலும் இலை போன்ற உறுப்புகளே வரும்.

இந்த மரபணுக்களில் பெரும்பாலானவை ஒரு வகைக் கட்டுப்பாட்டுப் புரதங்களை உருவாக்குகின்றன. வாய்க்காலில் எந்த மடையைத் திறப்பது, எதை அடைப்பது என்று பார்க்கும் நீர்ப்பாய்ச்சியைப் போன்றவை அவை. டி.என்.ஏ. என்ற நீண்ட இழையில் ஏ, டி, ஜி, சி என நான்கு எழுத்துகள் உண்டு. முதலில் இரண்டு சி, நடுவில் ஏ அல்லது டி ஆறு, கடைசியில் இரண்டு ஜி என்ற பத்து எழுத்துத் தொடரை இப்புரதங்கள் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கின்றன. நான்கு புரதங்கள் சேர்ந்து, இத்தகைய இரண்டு இடங்களைப் பற்றி இழையை வளைக்கின்றன என்பது இன்றைய விளக்கம். அதன்பின் அருகிலுள்ள மரபணு வேலை செய்யும், அல்லது நின்றுவிடும். 2001-ல் சோதனைச் செடிகளின் இலைகளில் தேவையான புரதங்களைச் சேர்த்து இயங்க வைத்தபோது, அந்த இலைகள் இதழ்களாகவே மாறின.

உங்கள் எள் வயலில்

எள்ளில் பூக்கள் பச்சையாகி, இலைக் கொத்தாக மாறி, காய் பிடிக்காமல் போவதைப் பார்த்திருப்பீர்கள். பச்சைப்பூ நோய் என்பது அதுதான். காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி. சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி அதைப் பரப்புகிறது. இவ்வகை நுண்ணுயிரி சுரக்கும் ஒரு புரதம், பூவைக் கட்டுப்படுத்தும் அதே புரதங்களை அழிப்பதைச் சோதனைச் செடிகளில் கண்டறிந்துள்ளார்கள். அவை அழிந்தால் பூ மறுபடி இலையாகிறது.

அப்படி மாறிய செடிக்கு மருந்து அடித்துப் பயனில்லை. உரம் போட்டாலும் காய் வராது. ஆனால் அது வயலில் நிற்கும்வரை தத்துப்பூச்சிக்கு நோயை வாரிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். எனவே பூக்கும் பருவத்தில் வரிசை வரிசையாக நடந்து பாருங்கள். ஒரு கிளையில் பச்சைப் பூ தெரிந்தாலும் அந்தச் செடியை அன்றே பிடுங்கி அழித்துவிடுங்கள். தத்துப்பூச்சியைக் கட்டுப்படுத்த உங்கள் வட்டார வேளாண்மை அலுவலரின் ஆலோசனையை, பயிர் இளசாக இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.