கடற்படையின் முதல் இந்திய தளபதி நம்ம செங்கல்பட்டில் பிறந்தவர்! ரிட்டயர் ஆன பிறகு பஸ் கழகத்துக்கும் தலைவர்

செங்கல்பட்டு:

ஒரகடத்தில் தயாராகும் கார்கள் டிரெய்லர் லாரியில் வரிசையாக எண்ணூர் துறைமுகத்துக்கு போவதை ஷிப்ட் முடிந்து திரும்பும் நம்மாளுங்க தினமும் பார்க்கிறாங்க. அங்கிருந்து கப்பல் ஏறி வெளிநாடு போகுது. ஆனா நாட்டின் மொத்த கடற்படைக்கும் தலைவராக இருந்த ஒருத்தர் இதே வட்டாரத்தில் பிறந்தவர் என்பது பலருக்கு தெரியாது. அவர் பெயர் ராம்தாஸ் கட்டாரி. 1911ம் ஆண்டு அக்டோபர் 8ந் தேதி செங்கல்பட்டில் பிறந்தார். அப்போ ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் எல்லாமே செங்கல்பட்டு ஜில்லா தான்.

பிறந்தது இங்கே என்றாலும் படித்தது செகந்திராபாத்தில். கடலே இல்லாத ஊர் அது. அங்கிருந்து 16 வயசில் கப்பலுக்கு கிளம்பினார்.

பயிற்சி கப்பல்

இன்னைக்கு கடற்படை ஆபீசர் ஆகணும்னா புனே பக்கம் கடக்வாஸ்லா, கேரளாவில் எழிமலை என்று பெரிய பெரிய அகாடமிகள் இருக்கு. 1927ல் அதெல்லாம் கிடையாது. இந்திய பையன்களுக்கு என்று பம்பாய் துறைமுகத்தில் 'டப்ரின்' என்ற பழைய கப்பலை நிறுத்தி வெச்சு வகுப்பு எடுத்தாங்க. அதுவும் போர்க்கப்பலுக்கு இல்லை, சரக்கு கப்பலில் வேலை பார்க்க. அந்த முதல் செட்டில் சேர்ந்தவர் கட்டாரி.

படிப்பு முடிந்ததும் கல்கத்தா துறைமுகத்தில் வேலை. ஹூக்ளி ஆற்றில் எங்கே ஆழம், எங்கே மணல் திட்டு என்று அளந்து வரைபடம் போடும் பிரிவு. அந்த ஆற்றில் மணல் இடம் மாறிக்கிட்டே இருக்கும். ஒரு தடவை அளந்தா போதாது, திரும்ப திரும்ப அளக்கணும். கொஞ்சம் கணக்கு தப்பினாலும் கப்பல் தரை தட்டிடும்.

1939ல் இரண்டாம் உலகப்போர் வந்தது. கடற்படைக்கு ஆள் பத்தலை. ரிசர்வ் பிரிவில் இவரை எடுத்தாங்க. நீர்மூழ்கி கப்பலை கண்டுபிடித்து தாக்கும் வேலையில் தேறினார். போர் முடிந்ததும் நிரந்தர கடற்படையில் சேர்த்துக்கிட்டாங்க. இப்போதைய பாஷையில் சொன்னா, கான்டிராக்டில் வந்து பர்மனென்ட் ஆனவர்!

ஏன் 11 வருஷம்?

1947ல் சுதந்திரம் வந்தாச்சு. ராணுவத்துக்கு 1949ல் கரியப்பா தளபதி ஆனார். விமானப்படைக்கு 1954ல் சுப்ரதோ முகர்ஜி. ஆனா கடற்படைக்கு மட்டும் 1958 வரை வெள்ளைக்காரர் தான் தலைவர். ஒருத்தர் போனா இன்னொருத்தர், மொத்தம் 4 பேர்.

காரணம் இல்லாமல் இல்லை. பிரிட்டிஷ்காரன் 1928ல் தான் முதல் இந்தியரை கடற்படை ஆபீசராக சேர்த்தான். அதனால சுதந்திரம் வந்தப்போ சீனியர் இந்திய ஆபீசருக்கே சர்வீஸ் ரொம்ப கம்மி. கப்பலை நடத்தினவங்க இருந்தாங்க, பல கப்பல்கள் சேர்ந்த பெரிய படையை நடத்தினவங்க இல்லை. கீழ்மட்டத்தில் மாலுமிகள் பூரா இந்தியர்கள், மேலே அதிகாரம் வெள்ளைக்காரன் கையில். சாப்பாடு சரியில்லை, அதிகாரிகள் கேவலமாக பேசுறாங்க என்று 1946 பிப்ரவரியில் பம்பாயில் மாலுமிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கி நாடே அதிர்ந்தது. கேன்டீன் சாப்பாட்டில் ஆரம்பிக்கிற பிரச்சினை எங்கே போய் நிற்கும்னு நம்ம ஏரியா ஆட்களுக்கு சொல்லத் தேவையில்லை.

இந்த நிலைமையில் தான் கட்டாரி படிப்படியாக மேலே வந்தார். 1956 அக்டோபர் 2ந் தேதி, காந்தி ஜெயந்தி அன்று, இந்திய போர்க்கப்பல் படைக்கு தலைமை ஏற்ற முதல் இந்தியர் ஆனார். அடுத்து 1958 ஏப்ரல் 22. பிரிட்டிஷ் தளபதி கார்லில் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு கிளம்ப, வைஸ் அட்மிரல் கட்டாரி நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போ அவருக்கு வயசு 46 தான்.

விக்ராந்த் வந்தது

இவர் காலத்தில் தான் 'விக்ராந்த்' வந்தது. இங்கிலாந்து பாதி கட்டி கிடப்பில் போட்ட விமானம் தாங்கி கப்பலை 1957ல் இந்தியா வாங்கியது. மீதி வேலையை முடித்து, 1961 மார்ச் 4ந் தேதி பெல்பாஸ்ட் நகரில் இந்திய கொடி ஏற்றினாங்க. நவம்பர் 3ந் தேதி பம்பாய் வந்து சேர்ந்தது. ஏழை நாட்டுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கப்பல்னு கேட்டவங்களுக்கு பதில் 10 வருஷம் கழித்து கிடைத்தது. 1971 போரில் சிட்டகாங் துறைமுகத்தை தாக்கிய விமானங்கள் இந்த கப்பலில் இருந்து தான் பறந்தன.

அடுத்த மாசமே, 1961 டிசம்பரில் கோவா சண்டை. சுதந்திர இந்தியாவின் கடற்படை இறங்கிய முதல் பெரிய சண்டை இது. கோவா துறைமுகத்தில் நின்ற போர்ச்சுகல் போர்க்கப்பலை நம்ம கப்பல்கள் சுட்டு முடக்கின. அஞ்சதீவு என்ற சின்ன தீவில் இறங்கிய நம்ம கடற்படை வீரர்கள் 7 பேர் உயிரை விட்டாங்க.

கப்பலில் இருந்து பஸ்சுக்கு

1962 ஜூனில் ரிட்டயர்மென்ட். வயசு 50. வேற ஆளா இருந்தா தோட்டம் வெச்சு உட்கார்ந்திருப்பார். இவர் போனது எங்கே தெரியுமா? ஆந்திரா அரசு போக்குவரத்து கழகத்துக்கு! போர்க்கப்பல்களை நடத்தியவர் டெப்போ, டிரைவர், கண்டக்டர் இருக்கும் கழகத்துக்கு தலைவர் ஆனார்.

1964ல் பர்மாவுக்கு இந்திய தூதராக அனுப்பினாங்க. ரொம்ப மோசமான நேரம். அங்கே ராணுவ ஆட்சி கடைகளை எல்லாம் அரசுடமை ஆக்கியது. பெரிய நோட்டுகள் செல்லாது என்றது. தலைமுறை தலைமுறையாக ரங்கூனில் கடை நடத்திய தமிழர்கள் கையில் ஒண்ணும் இல்லாமல் மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்கினாங்க. பீச் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் பர்மா பஜார் அப்படி வந்தவங்களுக்காக உருவானது தான். அந்த ஜனங்கள் கிளம்பி வந்துகொண்டிருந்த காலத்தில் ரங்கூனில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்தவர் செங்கல்பட்டில் பிறந்த இந்த கட்டாரி. 1969 வரை அங்கே இருந்தார். இந்தியா-பர்மா எல்லை ஒப்பந்தம் 1967ல் ஏற்பட்டதும் அவர் அங்கே இருந்தபோது தான்.

தன் கடல் அனுபவங்களை ஆங்கிலத்தில் புத்தகமாகவும் எழுதி வெச்சிருக்கார். 1983 ஜனவரியில் காலமானார். அப்போ வயசு 71. கொச்சியில் கடற்படை குடும்பங்கள் வசிக்கும் குடியிருப்புக்கு 'கட்டாரி பாக்' என்று அவர் பெயர் தான் வெச்சிருக்காங்க.