அலைகளை அளந்த அறிஞர் ஜெகதீஷ் சந்திர போஸ்

போஸ் என்ற பெயரைச் சொன்னால் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு நேதாஜிதான் நினைவுக்கு வருவார். 1943-இல் அவர் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்தபோது பால்வெட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்களின் கதைகள் இன்னும் பேசப்படுகின்றன. இயற்பியல் மாணவர்களைக் கேட்டால் சத்தியேந்திர நாத் போஸ் என்பார்கள். போசான் என்னும் துகள்வகை அவர் பெயரால் வழங்குகிறது. இக்கட்டுரை இவ்விருவருக்கும் மூத்த இன்னொரு போஸைப் பற்றியது. சத்தியேந்திர நாத்துக்குக் கல்லூரியில் பாடம் சொன்னவர் இவர். கம்பியில்லாத் தொடர்பைப் பற்றிப் படிக்கும் பொறியியல் மாணவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய இவரை, நம்மில் பலர் செடிகளுக்கும் உணர்வுண்டு என்று சொன்னவராக மட்டுமே அறிந்திருக்கிறோம்.

ஜெகதீஷ் சந்திர போஸ் 1858 நவம்பர் 30-ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் ஆங்கிலேய ஆட்சியில் துணை நீதிபதி. அக்காலத்தில் அத்தகைய பதவியில் இருந்தவர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாக நினைத்தார்கள். பகவான் சந்திரரோ மகனை வங்காளமொழிப் பள்ளியில் சேர்த்தார். பிள்ளை முதலில் தாய்மொழியையும் தன் மக்களையும் அறியட்டும், ஆங்கிலம் பிறகு வரட்டும் என்பது அவர் எண்ணம். வகுப்பில் ஜெகதீஷுக்கு ஒருபுறம் தந்தையின் அலுவலக ஏவலாளரான முஸ்லிம் ஒருவரின் மகன். மறுபுறம் ஒரு மீனவரின் மகன். பறவைகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையின்மீது தமக்கு ஆர்வத்தை ஊட்டின என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று ஒவ்வோர் ஆண்டும் பதிவு நாளில் தயங்கி நிற்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன எனக்கு, போஸின் வாழ்க்கையில் முதலில் பிடித்த பகுதி இதுதான்.

பிறகு கல்கத்தாவில் ஹேர் பள்ளி, செயின்ட் சேவியர் பள்ளி, கல்லூரி. அங்கே லாஃபோன் பாதிரியார் செய்து காட்டிய சோதனைகள் அவரை இயற்பியல் பக்கம் இழுத்தன. 1880-இல் மருத்துவம் படிக்க இலண்டனுக்குப் போனவரைக் காய்ச்சல் விடாமல் துரத்தியது. மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்தார். ரேலி பிரபு அங்கே அவருடைய ஆசிரியர்.

1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக அமர்த்தப்பட்டபோது ஒரு சோதனை காத்திருந்தது. ஐரோப்பியப் பேராசிரியருக்குக் கிடைத்த ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. தற்காலிகப் பணி என்பதால் அதிலும் பாதி. போஸ் வேலையை விடவில்லை. ஊதியத்தைத்தான் தொடவில்லை. மூன்றாண்டுகள் ஒரு காசும் வாங்காமல் பாடம் நடத்தினார். தந்தையோ கடனில் மூழ்கியிருந்தார். இதற்கிடையே 1887-இல் அபலா தாஸை மணந்தார். அபலா 1882-இல் நம் சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தவர். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க முடியாமல் திரும்பியவர். இறுதியில் நிர்வாகம் இறங்கி வந்தது. பணியை நிரந்தரமாக்கி, முழு ஊதியத்தையும் முன்தேதியிட்டுக் கொடுத்தது. அந்தப் பணம் தந்தையின் கடனுக்குப் போனது.

ஆய்வுக்கூடம் என்று அவருக்குக் கிடைத்தது, கல்லூரியில் குளியலறையை ஒட்டியிருந்த ஒரு சிறு இடம். பரப்பு ஏறத்தாழ 24 சதுர அடி. கருவி வாங்கப் பணம் தர யாருமில்லை. உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவரைப் பழக்கி வைத்துக்கொண்டு, 1894-இல் மின்காந்த அலைகளை ஆராயத் தொடங்கினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானியர் அவ்வலைகள் இருப்பதை நிறுவியிருந்தார். ஹெர்ட்ஸின் அலைகள் ஒவ்வொன்றும் முழங்கையைவிட நீளமானவை. அவற்றை வளைக்கவும் திருப்பவும் ஆளுயரக் கண்ணாடிகளும் பாறைபோன்ற பட்டகங்களும் வேண்டும். 24 சதுர அடியில் அது நடக்குமா? போஸ் அலையையே சிறிதாக்கினார். 5 மில்லிமீட்டர்! இன்றைய கணக்கில் 60 கிகாஹெர்ட்ஸ். சோதனை முழுவதும் ஒரு மேசைக்குள் அடங்கிவிட்டது.

அவருடைய கருவிகள் இன்று பார்த்தாலும் வியப்பளிப்பவை. அலைகளை ஒரே தளத்தில் அதிரச் செய்ய, பிராட்ஷா ரயில் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றை எடுத்து அதன் தாள்களுக்கிடையே வெள்ளீயத் தகடுகளைச் செருகினார். அலையின் அதிர்வுத் தளம் திரும்புவதைக் காட்ட, முறுக்கிய சணல் கற்றைகளைப் பயன்படுத்தினார். அலையை வாங்கிக்கொள்ள உலோகப் புனல் ஒன்றைச் செய்தார். இன்றைய கொம்பு வடிவ அலைவாங்கிகளுக்கு அதுவே முன்னோடி. 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில் மக்கள் முன்னிலையில் சோதனை நடந்தது. அலை கிளம்பிய இடத்துக்கும் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்கும் நடுவே சுவர்கள் இருந்தன. ஆங்கிலேய ஆளுநரும் இருந்தார். 75 அடிக்கு அப்பால் மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது. 1897 ஜனவரியில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அறிஞர்கள் முன் இவற்றையெல்லாம் விளக்கினார்.

அதே ஆண்டுகளில்தான் மார்க்கோனி வந்தார். அவருக்கு வேண்டியது தூரம். 1901 டிசம்பர் 12-ஆம் நாள் அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் குறியொலி பெற்றதாக அறிவித்தார். அதற்கு அவர் பயன்படுத்தியவை நூற்றுக்கணக்கான மீட்டர் நீள அலைகள். நீண்ட அலை தடைகளைச் சுற்றி வளைந்து போகும். குறுகிய அலையோ ஒளியைப்போல் நேராகப் போய் எதிலாவது முட்டி நின்றுவிடும். எனவே உலகம் மார்க்கோனியின் பின்னால் போனது. போஸின் 5 மில்லிமீட்டர் அலை மேசையிலேயே தங்கிவிட்டது.

அந்த அலையைத் தேடி உலகம் ஏன் மீண்டும் வந்தது? இதைப் புரிந்துகொள்ள எங்கள் ரெங்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2020-இல் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்தபோது நான் படிவம் ஐந்து மாணவன். செம்பனைத் தோட்டத்து வீட்டில் கைத்தொலைபேசியில் கோடுகள் முழுதாகத் தெரியும். இணைய வகுப்பு மட்டும் ஓடாது. நள்ளிரவுக்குமேல் அதே இடத்தில், அதே கோடுகளோடு, பாடக் காணொளி தடையின்றி ஓடும். இணைப்பு வேறு, கொள்ளளவு வேறு. கோபுரம் எட்டியது, ஆனால் அதன் கீழ் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் குவிந்தால் பங்கு குறையத்தானே செய்யும்? அலைவரிசையின் அகலம் கூடினால் கொள்ளளவும் கூடும் என்று ஷானன் 1948-இல் கணிதமாகக் காட்டினார். மத்திய அலை வானொலி வரிசை முழுவதும் ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான். போஸ் உலவிய 60 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் பல நாடுகள் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டிருப்பதோ 7 கிகாஹெர்ட்ஸ். ஏழாயிரம் மடங்கு!

ஆனால் அந்த அலையைக் காற்றிலுள்ள ஆக்சிஜனே விழுங்கிவிடும். மழையும் ஈரமான செம்பனை மட்டையும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆகவே கோபுரங்கள் நெருக்கமாக நின்று ஒன்றிடமிருந்து மற்றொன்று வாங்கிக் கொடுக்க வேண்டும். தீப்பிடித்தால் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவோமே, அதைப்போல. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பி. ஆர். குமாரும் பியூஷ் குப்தாவும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, வரிசையில் ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் அடுத்தவர் வாளியைத் தூக்குவதிலேயே களைத்துவிடுவர், சொந்தப் பங்கு சுருங்கும் என்று கணக்கிட்டுக் காட்டியது. ஒருவர் பேசும்போது அருகில் உள்ளவர் வாய்மூடி இருக்க வேண்டியிருப்பதும் இதற்கு ஒரு காரணம். இடையிடையே கம்பிவடத்தில் இணைந்த நிலையங்கள் இருந்தால்தான் சுமை குறையும். நகரத்தில் இது எளிது. ஆள் குறைந்த தோட்டப்புறத்துக்கு யார் செலவு செய்வார் என்பதுதான் கேள்வி. மலேசியாவில் 5ஜி சேவை 2021 டிசம்பரில் தொடங்கியபோது முதலில் புத்ராஜெயா, சைபர்ஜெயா, கோலாலம்பூர் பகுதிகளுக்குத்தான் வந்தது.

மார்க்கோனி போஸின் கண்டுபிடிப்பைத் திருடிவிட்டார் என்று புலனக் குழுக்களில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றும். நான் அதை ஏற்கவில்லை. மார்க்கோனி 1901-இல் பயன்படுத்திய பாதரச அலையுணர்வி, போஸ் 1899-இல் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையில் உள்ளதையே ஒத்தது என்று 1998-இல் ஓர் ஆய்வாளர் விரிவாக எழுதியிருப்பது உண்மை. ஆனால் போஸ் அதை எல்லாருக்கும் தெரியும்படி வெளியிட்டவர். காப்புரிமை தேடுவதே அவருக்குப் பிடிக்காது. நண்பர்கள் வற்புறுத்தியதால் கலீனா படிக உணர்விக்கு மட்டும் அமெரிக்கக் காப்புரிமை ஒன்று 1904-இல் கிடைத்தது. அதிலும் அவர் பணம் பார்க்கவில்லை. அறிவு விற்பனைக்கல்ல என்ற அந்த மனம் பெரிது. ஆயினும், அவர் விட்ட இடத்திலிருந்து எடுத்துச் செல்ல ஒரு தொழிற்கூடமோ நிறுவனமோ இந்தியாவில் அன்று இல்லையே என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

1900-க்குப் பின் அவர் கவனம் உலோகங்களின் துலங்கலுக்கும், அங்கிருந்து செடிகளுக்கும் திரும்பியது. செடியின் மிகச் சிறு வளர்ச்சியையும் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவியைச் செய்தார். அப்பகுதி நம் பாடநூல்களிலேயே கிடைக்கும் என்பதால் இங்கு விரிக்கவில்லை. அதிகம் பேர் அறியாதது, அவர் வங்காளமொழியில் எழுதிய கதை. 1896-இல் ஒரு தலைமுடித் தைல நிறுவனம் நடத்திய போட்டிக்கு, தைலத்தைக் கடலில் ஊற்றிப் புயலை அடக்கும் கதையை எழுதிப் பரிசு பெற்றார். வங்காளத்தின் தொடக்ககால அறிவியல் புனைகதைகளில் அது ஒன்று. வங்காள இலக்கியக் கழகத்தின் தலைவராகவும் இருந்தார்.

1917 நவம்பர் 30, தம் பிறந்தநாளில், கல்கத்தாவில் போஸ் ஆய்வுக்கழகத்தைத் தொடங்கினார். 1920-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1937 நவம்பர் 23-ஆம் நாள், 79 வயது நிறைய ஒரு வாரம் இருக்கையில், கிரிதி என்னும் ஊரில் காலமானார். கல்கத்தாவில் அவர் செய்த மில்லிமீட்டர் அலை ஆய்வை மின்பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ. 2012-இல் ஒரு மைல்கல்லாக அறிவித்தது. தகரக் கொல்லரோடு சேர்ந்து அவர் செய்த கருவிகளில் பல, கொல்கத்தாவில் அவர் தொடங்கிய ஆய்வுக்கழகத்திலேயே பாதுகாக்கப்பட்டு வருகின்றன.